வீட்டிலிருந்து சம்பளம் என்ற பேச்சைத் திரும்பப் பெறுவோம்

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நம்மில் பலர், ‘வாத்தியாருங்களுக்கு என்ன, வீட்டிலேயே உட்கார்ந்து சம்பளம்’ என்று பேசினோம். நானும் பேசினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை என் வீட்டிலேயே கண்டதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் பகலில் என்னோடு கட்டட வேலைக்கு வந்துவிடும். நான் இரவு எட்டரை மணிக்குத் திரும்பிய பிறகுதான், ஏழாம் வகுப்பில் இருந்த என் மகள் அதைக் கையில் எடுப்பாள். பல வீடுகளின் நிலை இதுவே என்று அறிந்த கணக்கு டீச்சர், ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தார். நோட்டைப் படம் எடுத்து அனுப்பினால், பிழையான வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, குரல் பதிவில் விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒரு பதிவில் அவருடைய கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. ‘ஒரு நிமிஷம்டா கண்ணு’ என்று குழந்தையைத் தேற்றிவிட்டு, மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்பதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

தொற்று பரவிய நாட்களில் முகக்கவசத்துடன் நின்று பாடநூல்களையும் சத்துணவுக்கான அரிசி, பருப்பையும் நம் கையில் கொடுத்தவர்களும், இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குச்சாவடிகளில் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களே. தனியார் பள்ளி ஆசிரியர்களில் பலருக்கோ நாம் குறை சொன்ன அந்தச் சம்பளம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை; காய்கறி விற்றுக் குடும்பம் நடத்தியவர்களும் அவர்களில் உண்டு.

பத்தொன்பது மாத இடைவெளிக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தபோது, வாய்ப்பாட்டையும் எழுத்துக் கூட்டிப் படிப்பதையும் மறந்துவிட்டு வந்த பிள்ளைகளை நம் ஆசிரியர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து கைப்பிடித்து நடத்தினார்கள். அந்த மறதிக்கும் அவர்கள்மீதே பழி சுமத்துவது எந்த வகையில் நியாயம்?

வருகிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், அன்று நான் பேசியதற்கு எல்லா ஆசிரியர்கள் முன்னும் எழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கணக்கு டீச்சர் மாறுதலாகி வேறு ஊருக்குப் போய்விட்டதால், அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். நீங்களும் கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை