மாற்றுத்திறனாளிப் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி மறுத்தால் புகார் எழுதுவது எப்படி
வணக்கம். "உங்க பையனுக்கு இங்கே சரிப்பட்டு வராது, வேற பள்ளி பாருங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். யார், என்ன சொன்னார் என்று தேதி போட்டு அன்றைக்கே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அதுதான் பிற்பாடு கைகொடுக்கும்.

அப்புறம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார். மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்; பாகுபாடு இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பது அது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அதில் அடக்கம், சாக்குச் சொல்ல முடியாது. தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ மறுக்கப்பட்டால் 17ஆம் பிரிவு. ஆளை வரவழைத்து விசாரிக்க ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு.

நாலு பக்கம் புலம்ப வேண்டாம், ஒரு பக்கம் போதும். பிள்ளையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை இணையுங்கள். அனுப்பிய தபால் ரசீது பத்திரம்!