முலுவுக்கு இன்னும் ஓர் இரவு கொடுங்கள்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள முலு தேசியப் பூங்காவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு நாள், ஓர் இரவு. குகை, குளியல், வௌவால் கூட்டம், சாகசம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்கிறீர்கள். மழை என்ற சொல்லை மட்டும் எங்கும் காணோம்.

முலு மழைக்காடு. அங்கே எது நடக்கும், எது நடக்காது என்பதை மழைதான் தீர்மானிக்கிறது. மான் குகையிலிருந்து மாலையில் லட்சக்கணக்கான வௌவால்கள் கறுப்பு நாடாபோலச் சுழன்று வெளியேறுவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மழை பெய்தால் அவை பெரும்பாலும் வெளியே வராது. ஒரே ஒரு மாலையை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர், பூங்கா அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் பலகைப் பாதையில் நடந்துபோய், நனைந்து திரும்ப வேண்டியதுதான்.

தெளிநீர்க் குகைக்குப் பெரும்பாலும் மெலினாவ் ஆற்றில் நீளப் படகில்தான் போகிறார்கள். தண்ணீர் குறைந்தால் இறங்கிப் படகைத் தள்ள வேண்டியிருக்கும் (பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம்). ஆறு பொங்கினால் படகே கிடையாது. குகை வாசலில் இருக்கும் குளத்தில் குளிப்பதும் இல்லை. நிலத்தடி ஆற்றில் நீந்திப் போகும் சாகசக் குகைப் பயணங்களுக்கும் இதே கதிதான்.

இதை வெறும் ஏமாற்றம் என்று விட்டுவிடவும் முடியாது. 2019 ஜூலையில் மான் குகையில் திடீர் வெள்ளம் வந்து, நெதர்லாந்துப் பயணி ஒருவரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் இறந்துபோனார்கள். சுண்ணாம்புக்கல் மலை அப்படி. மேலே எங்கோ பெய்த மழை பாறை இடுக்குகள் வழியே இறங்கி, நிலத்தடி ஆற்றை வேகமாக உயர்த்திவிடும். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. ஆனால் மறுநாள் காலை விமானம் என்றால், காசு கட்டியவர் அவரிடம் கெஞ்சத்தான் செய்வார், சில சமயம் சண்டைக்கே போவார். அந்த நெருக்கடியை உண்டாக்குவது உங்கள் அட்டவணை.

முலுவுக்கு நல்ல சாலை கிடையாது. பெரும்பாலும் மிரி நகரத்திலிருந்து சிறிய விமானத்தில்தான் போகிறார்கள், இடங்களும் குறைவு. நினைத்தவுடன் பயணத்தை நீட்டிக்க முடியாது. அதனால் மழைக்கான நாளை முன்பதிவு செய்யும்போதே சேர்த்துவிடுங்கள். குறைந்தது மூன்று இரவு. பினக்கிள்ஸ் ஊசிப்பாறைகளைப் பார்க்க ஏறுகிறவர்களுக்கு அந்த ஏற்றமே மூன்று நாள் பிடிக்கும்; அதைக் குடும்பச் சுற்றுலாவில் தயவுசெய்து திணிக்காதீர்கள், கடைசிப் பகுதி முழுக்கக் கயிறும் ஏணியும்தான்.

விலை கூடும், தெரியும். கூடட்டும். ஏன் கூடுகிறது என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். படகு ஓடாவிட்டால், குகை மூடப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும், விலை போடுகிற அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூரிலிருந்து ஒரு பயணி