கடைசிப் பேச்சாளரைப் பற்றி, எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு வணக்கம்.

நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல், வரும் புகாரை வழக்காக எழுதும் ஸ்டேஷன் ரைட்டராகவே கழிந்தது. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் உங்கள் எல்லாருடைய பொதுக்கூட்டத்திலும் மேடைக்குக் கீழே பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறேன். அந்த உரிமையில், உங்கள் கூட்டங்களில் கடைசியாக மைக்கைப் பிடித்து அடுத்தவர் வீட்டுப் பெண்களை இழிவாகப் பேசுகிறவரைப் பற்றி எழுதுகிறேன்.

ரைட்டர் வேலையில் கை தானாக எழுதிவிடும் வரி ஒன்று உண்டு: "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து." இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506. வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு வந்த மருமகன், எதுவானாலும் இந்த மூன்றும் ஒரு செட்டாகத்தான் வரும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து 296(பி), 115(2), 351 என்று எண்கள் மாறின. வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் ரைட்டருக்கு ஒரு தலைவலி. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினான் என்ற வழக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், என்ன வார்த்தை என்பது புகாரிலேயே இருக்க வேண்டும். 'அசிங்கமாகத் திட்டினான்' என்று மொட்டையாக எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே அடித்துவிடுவார். ஆகவே புகார் கொடுக்க வரும் பெண்களிடம், "என்னம்மா சொல்லித் திட்டுனான்?" என்று கேட்டே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "உங்களுக்குத் தெரியாததா சார், நீங்களே எழுதிக்குங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். கீரை விற்கும் ஒரு அம்மா சொன்னது இன்னும் மறக்கவில்லை: "அவன் ஒரு தரம் திட்டுனான். இப்ப நான் வாய்விட்டுச் சொன்னா, என்னையே நான் ரெண்டாந் தரம் திட்டிக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

பள்ளிக்கூடத்தில் படித்த இடக்கரடக்கல் நினைவுக்கு வந்தது. அவையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வருகிறேன்' என்பதுதான் வாத்தியார் தந்த உதாரணம். அந்த அம்மா இலக்கணம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் அதைக் கடைப்பிடித்ததில் லாபம் அடைந்தது யார் என்றால், திட்டியவன். வழக்கு நிற்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே வார்த்தையையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். என் பேனாதான் கொஞ்சம் தயங்கியது. காலம் கெட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்த ஏட்டு முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூச்சம் இப்போதுதான் சரியான ஆள்மேல் போய் உட்காருகிறது என்று நினைத்தேன்.

அதனால் நான் பழைய காலத்துக்காக அழுகிறவன் இல்லை. சொற்கள் ஏறும், இறங்கும். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்ற குறளை வகுப்பில் வாசித்தால் பின்பெஞ்சில் இன்றைக்கும் சிரிப்புக் கேட்கும். வள்ளுவருக்கு அது வெறும் முடி. 'தேவரடியார்' என்பது சோழர் கல்வெட்டுகளில் மரியாதையோடு வரும் பெயர். அதன் சிதைந்த வடிவத்தைத்தான் நான் எஃப்.ஐ.ஆரில் எழுதிக் கை ஓய்ந்தேன். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது, 'திருநங்கை' வந்தது, இரண்டுமே நல்லதுக்கு. என் பேரன் ஆங்கிலத்தில் அந்த எஃப் வார்த்தையைக் கமா, முற்றுப்புள்ளி மாதிரி போடுகிறான். யார்மேலும் படுவதில்லை. ஒரு இணையத் தொடர் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்கூட, கொச்சையாகப் பேசுவதும் ஆபாசமும் ஒன்றல்ல என்று சொல்லிவிட்டது. எனக்கும் அதில் உடன்பாடுதான்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. இரண்டு ஆண்கள் தெருவில் கட்டிப் புரளும்போது ஒருவன் வாயிலாவது மற்றவனைப் பற்றிய வார்த்தை வருகிறதா? அவன் அம்மா, அக்கா, பெண்டாட்டி, பிறகு சாதி. சண்டைக்கே வராதவர்கள்தான் அத்தனை அடியும் வாங்குகிறார்கள். இத்தனை வருடம் எழுதிய எஃப்.ஐ.ஆர்களில் நான் கண்டது இதுதான்.

இப்போது உங்கள் மேடைக்கு வருகிறேன். ஒன்றியம், நகரம், மாவட்டம் எல்லாரும் பேசி முடித்த பிறகு, கூட்டம் கலையாமல் இருக்க ஒருவரைக் கடைசியாக நிறுத்தி வைத்திருப்பீர்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதால் ஒன்பதேகாலுக்கு மைக்கைப் பிடிப்பார். அவர் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது. நல்ல தமிழ், அடுக்குமொழி, நடுவில் ஒரு இடைவெளி, ஒரு கனைப்பு. எதிர்க்கட்சித் தலைவியின் நடை, உடை, அவர் யாரோடு காரில் போனார், இன்னொருவரின் அம்மா, இன்னொருவரின் மனைவி. வேனில் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். சிரிப்பை அடக்கவா, வேறு எதையாவது அடக்கவா என்று மேடையில் இருந்து பார்த்தால் தெரியாது. கீழே நின்ற எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஸ்டேஷனில், அதே கூட்டத்தில் குடித்துவிட்டுக் கத்திய ஒரு லோடுமேன்மேல் 294(பி) எழுதுவேன். பேச்சாளருக்கு வழிச்செலவுக் கவரும் துண்டும்.

ஒரு கட்சியை மட்டும் சொல்லவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அன்றைய முதலமைச்சரின் பிறப்பைத் தொட்டுப் பேசிய ஒரு எம்.பி.க்குத் தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரச்சாரத் தடை போட்டது. தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது அந்த முதலமைச்சர் மேடையிலேயே கண் கலங்கியதை எல்லாரும் பார்த்தோம். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை முகநூலில் பகிர்ந்த, வேறொரு கட்சியைச் சேர்ந்த நடிகருக்கு 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத்தண்டனை. அதே 2024 ஜூலையில் 'சண்டாளன்' என்பது பட்டியல் சாதி ஒன்றின் பெயர், அதை வசவாக மேடையிலும் சினிமாவிலும் புழங்காதீர்கள் என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொல்ல வேண்டி வந்தது. அதற்குக் காரணம் ஒரு கட்சி மேடையில் கேட்ட பாட்டு. 2025 ஏப்ரலில் பாலியல் தொழிலாளி ஒருவரை வைத்து நகைச்சுவை சொன்ன அமைச்சர் கட்சிப் பதவியை இழந்தார், மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது.

அமைச்சர் என்றால் காமிரா இருக்கும், நடவடிக்கை வரும். கடைசிப் பேச்சாளருக்கு என்ன வரும்? 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று ஒரு அறிக்கை. அப்புறம் 'தற்காலிகமாக நீக்கி வைக்கப்படுகிறார்' என்று ஒரு அறிவிப்பு. அந்தத் தற்காலிகம் பெரும்பாலும் அடுத்த தேர்தலுக்கு முன்னால் முடிந்துவிடும். எதிராளியின் சொந்த வாழ்க்கையைப் பேசக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிதானே அது?

"சனங்க அதைத்தான் கேக்குறாங்க" என்பீர்கள். ஒரு மாவட்டச் செயலாளர் என்னிடம் இதே வார்த்தையைச் சொன்னார். அன்று முன்வரிசையில் அவர் வீட்டுப் பெண்கள் யாரும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "ராத்திரிக் கூட்டம், பொம்பளைங்க எதுக்கு?" என்றார். வேனில் வந்தவர்கள் பெண்கள் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. சீருடையில் இருந்தேன், கேட்கவில்லை.

என் விண்ணப்பம் சின்னது. தடித்த சொல்லை ஒழியுங்கள் என்று கேட்கவில்லை; அரசியலில் கோபம் வேண்டும், கோபத்துக்கு நாகரிக வகுப்பு எடுக்க நான் யார்? ஆட்சியைத் திட்டுங்கள், ஊழலைத் திட்டுங்கள், ஆளையே திட்டுங்கள், அவர் செய்ததற்காக. கடைசிப் பேச்சாளர் யார் என்பதை மட்டும் மாவட்டச் செயலாளர் கையில் இருந்து எடுத்து, மாவட்ட மகளிரணி அமைப்பாளர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு மூன்று மாதம் போதும். 294(பி)க்கு அதிகபட்சச் சிறையும் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு ஸ்டேஷன் ரைட்டர்