தள்ளுபடி விலையில் ஒரு வில்லங்கம்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் வந்தது. மதினி வாக்கர் இல்லாமல் அடுக்களை வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதி. வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். முட்டு ஆபரேஷனில் பாதி வேலைதான் டாக்டருடையது, மீதி நாம் மடக்கி நீட்டுவதில்தான் இருக்கிறது. அங்கே சாரல் தொடங்கிவிட்டதாமே. இங்கே பெரம்பூரில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் காலேஜ் போகிறான், ரிச்சி தெருவில் ஐந்தாறாயிரம் குறைத்துத் தருகிறார்களாமே, ஒரு போன் பார்த்து வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தாய். வாங்கி அனுப்ப மாட்டேன். காரணத்தை நேரில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

போன தீபாவளிக்கு உன் தங்கச்சிக்கு ஒரு செட் வாங்கினேன். ஷோரூமில் 31,000. அதே மாடல், அதே நிறம், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் 25,500. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. பெட்டியின் சீல் ஏற்கெனவே பிரிந்திருந்தது. கேட்டேன். "ஆக்டிவேட் மட்டும் பண்ணின பீஸ் சார், ஒரு நாள்கூட யூஸ் பண்ணலை. கார்டு ஆஃபர்ல எடுத்தது, அதான் இந்த ரேட்" என்றான் பையன். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆன்லைனில் வங்கிக் கார்டு தள்ளுபடியில் மொத்தமாக எடுத்து லாபம் வைத்து விற்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் சேர்த்துத் தரணும்" என்றான். போன்களுக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது, 2020 ஏப்ரலில்தான் 18 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார், 25,500-க்கு வரி சேர்த்தால் 30,090. ஷோரூம் விலைக்கும் அதற்கும் ஆயிரம் ரூபாய்கூட வித்தியாசமில்லை. கடைசியில் 'எஸ்டிமேட்' என்று தலையில் அச்சடித்த வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று கீழே ஊதா முத்திரை. கூகுள் பேயில் ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனியாள் பெயர் வந்தது. "நம்ம அண்ணன்தான் சார், போடுங்க" என்றான். நானே செட் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி, திரையில் வந்த ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, வால்பேப்பர் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திக் கையில் கொடுத்தான். அவன் தள்ளிவிட்ட பக்கங்களில் ஒன்றில்தான் எல்லாமே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மாசி மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காலையில் பால் பொங்குவதை விட்டுவிட்டு உன் தங்கச்சி போனை நீட்டினாள். திரை முழுக்க ஒரே அறிவிப்பு. தவணை பாக்கி இருப்பதால் இந்தக் கருவி பூட்டப்பட்டுள்ளது, உடனே தொடர்புகொள்ளவும், கீழே ஒரு நம்பர். அவசர அழைப்பைத் தவிர வேறொன்றும் வேலை செய்யவில்லை. பேத்தி காதுகுத்து போட்டோ பாதி கூகுளில் ஏறியிருந்தது, மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அந்த நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். லோன் நம்பர் கேட்டார்கள். கடன் வாங்கியது நான் இல்லை, பணம் கொடுத்து வாங்கியவன் என்றேன். அப்படியானால் கடன்காரரின் மொபைலுக்கு வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். கடன்காரர் யாரென்றே தெரியாதே அம்மா, மீதி எவ்வளவு என்று சொல்லுங்கள், நானே கட்டித் தொலைக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அக்கவுண்ட் விவரத்தை வெளியாளுக்குச் சொல்ல முடியாதாம். கடனைக் கட்டவும் எனக்கு உரிமை இல்லை, பார்த்துக்கொள்!

அப்புறம் விசாரித்ததில்தான் இந்த வியாபாரம் புரிந்தது. ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டும், கையில் ரொக்கம் புரளவில்லை. ஆனால் முன்பணம் இல்லாமல் இ.எம்.ஐ.யில் போன் கிடைக்கிறது. எடுக்கிறார். விற்கும்போதே போனை ஆக்டிவேட் செய்து, கடன் கொடுத்த கம்பெனியின் பூட்டு ஆப்பையும் ஏற்றிவிடுகிறார்கள். அது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு சேர்த்துப் பதிவாவதால், ரீசெட் செய்தாலும் இணையம் கிடைத்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்த ஆள் அன்றைக்கே அதைச் சந்துக்கடையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் பணத்தோடு போகிறார். கடைக்காரர் அதில் லாபம் வைத்து நம்மிடம் தள்ளுகிறார். முதல் சில டியூ ஒழுங்காகக் கட்டப்படும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் கோபமே வரவில்லை. இருபதாயிரமோ என்னவோ கையில் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூடப் பேசாத போனுக்கு 31,000-க்கு மேல் கடன்பட்டு நிற்கிறார். ஆஸ்பத்திரிச் செலவோ, பிள்ளை ஃபீஸோ. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எடுத்தவன் அந்த மாடிப்படிக்குக் கீழே இருப்பவன்தான்.

அவனிடம் போய் நின்றால், "சீட்டுல ஐ.எம்.இ.ஐ. இருக்கா சார்? இது எங்க பீஸ்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறான். எஸ்டிமேட் சீட்டு எதற்கென்று அப்போது விளங்கியது. திரும்பும்போது எதிர்க்கடைக்காரர் மெல்லக் கூப்பிட்டு, ஆயிரத்தைந்நூறு கொடுத்தால் நம்பரையே மாற்றித் தருகிறேன் என்றார். ஐ.எம்.இ.ஐ.யைத் திருத்தினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை உள்ளே போகலாம், அபராதம் 50 லட்சம் வரை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் தங்கச்சி சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். "ஊருக்கெல்லாம் வில்லங்கம் போட்டுக் கொடுத்த மனுஷன், பெண்டாட்டிக்கு வில்லங்கத்தோட போன் வாங்கிக் கொடுத்திருக்கார்." சார்பதிவாளர் ஆபீசில் தலை நரைத்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன பதில் பேச? ஆனால் யோசித்துப் பார், அரை சென்ட் நிலத்துக்குக்கூட வில்லங்கச் சான்று எடுக்க முடிகிறது. போனுக்கு அப்படி ஒன்று கிடையாது. கே.ஒய்.எம். என்று அடித்து, இடைவெளி விட்டு, பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ.யைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா, போலி நம்பரா என்று தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு, நானும் அனுப்பிப் பார்த்தேன், சுத்தமான போன் என்றுதான் வந்தது. திருடினால்தானே அதில் வரும்? கடன் பாக்கி அதில் ஏறாது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்தேன். கடையிலிருந்து பதிலே இல்லை. அதனால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டுவிட்டேன். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. நம் பழைய ஆபீஸ் வக்கீல் ஒருவர்தான் 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ம் பிரிவை எடுத்துக் கொடுத்தார். வாங்குகிறவருக்குத் தெரியாமல் மூன்றாம் ஆளின் பாத்தியதை எதுவும் பொருளின்மேல் இல்லை என்பது விற்கும்போதே தந்த உத்தரவாதமாம், வாயால் சொல்லாவிட்டாலும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இந்தச் சந்துக்கடைக்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. கூகுள் பே பதிவு, பெட்டி, பூட்டிய திரையின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போன மறுநாளே பையன் கூப்பிட்டான். "சார், அதே மாடல்ல வேற செட் தர்றோம், கேஸை வாபஸ் வாங்கிடுங்க." பில்லோடு தருவியா என்று கேட்டேன். லைன் கட்.

அதனால் பேரனுக்கு அங்கே தென்காசியிலேயே நல்ல கடையாகப் பார்த்து வாங்கு. சீல் உன் கண் முன்னால் பிரியட்டும். *#06# அடித்தால் வரும் நம்பரும், பெட்டியில் இருப்பதும், ஜிஎஸ்டி பில்லில் இருப்பதும் ஒன்றா என்று அவனையே பார்க்கச் சொல். செட் பண்ணுகிறேன் என்று கடைக்காரர் கை நீட்டினால் கொடுக்க வேண்டாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐயாயிரம் கூடத்தான் ஆகும், ஆகட்டும். பணம் பத்தாவிட்டால் என்னிடம் கேள்.

ஆடித்தபசுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பொதிகையில் டிக்கெட் போட்டாயிற்று. ஆணையத்தில் வாய்தா அதே வாரத்தில் விழுந்து தொலைக்காமல் இருக்க வேண்டும். விழுந்தால் உன் தங்கச்சி மட்டும் வருவாள், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கணேசன்