சுற்றி வருகிறவர்களுக்கு, உட்கார வந்தவள் எழுதும் மடல்

எங்கள் பேட்டைப் பூங்காவின் நடைப்பயிற்சியாளர் சங்கத்தாருக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறாளே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சங்கத்தில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள்தான். காலை ஆறரை மணிக்கு மூன்றாவது சுற்றில் மருமகள்களைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டு போவது என் சமையலறை ஜன்னல் வரைக்கும் கேட்கிறது. மீதிப் பேருக்கு நேரில் கன்னடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார். அவருக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அப்பா தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் முப்பது வருடம் இதே கிழக்குப் பெங்களூரில் குடித்தனம் நடத்தியவர். அப்பா ஓய்வுபெற்ற பிறகு இருவரும் ஊரோடு போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு ஒரு பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கே எழுந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து அடுக்குத் தூக்கில் அடைத்துவிட்டார். "ஒன்பது மணிக்கா கட்டுச்சோறு?" என்று கேட்டார். பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் அம்மா, மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றேன். "பூங்காவுக்குமா மதியத் தூக்கம்?" என்றார். அம்மா, நான், என் கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், அக்கா, அவள் மகள் என்று ஏழு பேரும் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். முதல் தட்டைத்தான் நிரப்பியிருந்தோம், விசில் சத்தம் கேட்டது.

காவலர் ஓடிவந்து, "ஊட்டா மாடங்கில்லா அம்மா" என்றார். இங்கே சாப்பிடக் கூடாதாம். அம்மாவின் கையில் ஒரு கவளம் பிசைந்து உருட்டியபடி இருந்தது. அதைத் தட்டில் போடவும் இல்லை, வாயில் போடவும் இல்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். திருடியதை ஒளிப்பதைப் போல. அப்புறம், "ஒந்து துத்து அஷ்டே, சாமி" என்று, ஒரு கவளம்தான் என்று, முப்பது வருடப் பழக்கத்துக் கன்னடத்தில் காவலரிடம் கெஞ்சினார். அந்த மஞ்சள் பருக்கைகள் முந்தானையில் ஒட்டியிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

காவலர் மேல் எனக்கு வருத்தமில்லை. ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், சொன்னதைச் செய்கிறார். அவர் தன் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறார் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பம்ப் அறைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. விதி அவருக்கும்தான்.

பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது விசில். ஊஞ்சல் பலகைகளை மேலே தூக்கி, சங்கிலியைச் சுற்றி, பூட்டுப் போட்டார். அக்கா மகளுக்கு அதில் நஷ்டமில்லை, ஏனென்றால் அவளுக்கு 13 வயது. ஊஞ்சலுக்கு 12 வயது வரைதான் அனுமதி. 12 முடிந்த பிள்ளைகள் நேராக நடைப்பயிற்சிக்கு வந்துவிட வேண்டும் என்பது உங்கள் எண்ணம் போலும். கடைசியில், மூடியிருந்த ஒரு தையல்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதம் நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் இருக்கும் பலகையை அன்று முழுதாகப் படித்தேன். மொத்தம் பதினான்கு வரிகள். புல்லில் நடக்கக் கூடாது, பந்து கூடாது, சைக்கிள் கூடாது, எதிர்ச்சுற்றில் நடக்கக் கூடாது, உணவு கூடாது என்று பதினொரு வரிகள் 'கூடாது' என்று முடிகின்றன. மிச்சம் மூன்றில் ஒன்று நேரம், ஒன்று சங்கத்தின் பெயர், ஒன்று பலகைக்குப் பணம் கொடுத்த நகைக்கடையின் பெயர். இன்னது செய்யலாம் என்று ஒரு வரி கூட இல்லை.

இதெல்லாம் அரசாங்க உத்தரவு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால், சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி செய்கிறோம் என்கிறார்கள். நகரப் பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று 2024-இலேயே மாநகராட்சி அறிவித்துவிட்டது. எங்கள் வாசல் பலகைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நகைக்கடைக்காரர் பெயின்டரை மறுபடி அனுப்பவில்லையோ என்னவோ.

உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்வதற்கும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்த இடம் குப்பை மேடாக இருந்தது. இரவில் சரக்கு லாரிகள் வந்து நிற்கும். நீங்கள் மனு மேல் மனு கொடுத்து, வேலி போடச் செய்து, மரக்கன்றுகளுக்கு வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கக் கர்நாடகத்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்று இந்தத் தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். 1998-இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிலிருந்து எடுத்துவிட அரசு முனைந்தபோது நகரத்து மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்களே, அந்தக் கூட்டத்தில் உங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரும் நின்றதாகச் சொல்லியிருக்கிறார். சண்டை போட்டு மீட்டது எல்லாரும் வந்து உட்காரத்தானே? மீட்ட பிறகு ஏன் உங்கள் வீட்டு முற்றம் மாதிரி ஆக்கிக்கொண்டீர்கள்?

நடப்பவர்களுக்கு வேண்டியது ஐந்தடி அகலப் பாதை. அது உங்களுக்கு இருக்கிறது, டைல்ஸ் பதித்து, விளக்குப் போட்டு. பாதை சுற்றி வளைக்கும் அந்த முழு நிலமும் ஏன் பார்வைக்கு மட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

"கப்பன் பூங்காவுக்குப் போக வேண்டியதுதானே?" என்று உங்களில் ஒருவர் என் கணவரிடம் கேட்டிருக்கிறார். போகாமல் இல்லை. 1870-இல் சாங்கி என்ற எஞ்சினியர் அமைத்த அந்தப் பூங்காவில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் இருக்கும் சிறுவர்களுக்கான பால பவனில் புட்டாணி என்ற குட்டி ரயில், அதன்பின் மூங்கில் புதர்ப் பக்கம் புளிச்சோறு. ஹைதர் அலி தொடங்கிய லால்பாகில் 240 ஏக்கர் இருக்கிறது. நடுவில் நிற்கும் பாறைக்கு 300 கோடி வருட வயது என்கிறார்கள் புவியியலாளர்கள். அந்தப் பாறை மேல் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். நவாப் போட்ட தோட்டத்தில் உட்கார முடிகிறது, பேட்டைப் பூங்காவில் முடியவில்லை.

ஆனால் ஏழு பேர் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே. கர்நாடகப் பெண்களுக்குப் பஸ் இலவசம் என்கிற சக்தி திட்டத்தில் எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. குடியாத்தம் முகவரி போட்ட ஆதார் அட்டையோடு வந்த அம்மாவுக்கு உண்டு. முப்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது கண்டக்டருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. காசு போகட்டும், பஸ் படிக்கட்டு ஏற அந்த முழங்கால்கள் சம்மதிக்க வேண்டாமா? பக்கத்துத் தெருவில் பூங்கா இருப்பதன் பொருளே நடக்க முடியாதவர்களும் வந்து சேரலாம் என்பதுதானே.

அன்று மதியம் எப்படியோ அம்மாவை ஹலசூருக்கு அழைத்துப்போய், ஏரிப் பக்கம் இருக்கும் வள்ளுவர் சிலையைக் காட்டினோம். 1991-இல் நிறுவிவிட்டு, 2009 ஆகஸ்ட் 9 வரைக்கும் திறக்காமல் மூடியே வைத்திருந்தார்களே, அதுதான். அம்மா ஊரை விட்டுப் போனபோது அது மூட்டையாகத்தான் நின்றது. (பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரை வைத்தார்கள், அவருக்கு அங்கே ஒரு பூங்காவே கிடைத்தது.) "பதினெட்டு வருடம் அவர் காத்திருந்திருக்கிறார், நமக்கு ஆறு மணிநேரம் பெரிதா?" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆறு மணிநேரத்தில் வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். நீங்கள் அப்போது வீட்டில் இருப்பீர்கள், அதனால் நான் சொல்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மதிலைத் தாண்டி ரோட்டுக்கு நீள்கிறது, நிழலும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. அந்த நிழலில் இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே ஒரு மணிநேரம் கிடைத்த பெண்கள் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். உணவு கொண்டுபோகும் பையன்கள் பைக் மேலேயே சாய்ந்து கண்ணை மூடுகிறார்கள். எதிர்க் கட்டட வேலைக்கு வந்த ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பதினாறு சிமென்ட் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. வெயில் அதிகம், அதனால் மூடுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. வேலூர்ப் பக்கத்து வெயில் பார்த்த அம்மா இதை வெயில் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். சாப்பாட்டை அனுமதித்தால் எலி வரும், நாய் வரும், பிளாஸ்டிக் பறக்கும் என்கிறீர்கள். பிறந்தநாள் என்று சொல்லிக் கேக்கை முகத்திலும் பெஞ்சிலும் பூசிவிட்டுப் போன பையன்களை நானும் பார்த்தேன், எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. அதற்காக எல்லார் தூக்கையும் மூடச் சொல்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. நாங்கள் கொண்டுவந்தது எவர்சில்வர் தட்டும் வாழை இலையும். திரும்பும்போது ஒரு கறிவேப்பிலை கூட அங்கே விடவில்லை.

புல் செத்துவிடும் என்பது அடுத்த வாதம். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். அந்தக் கோடையில் நம் புல்வெளி தேங்காய் நார் நிறத்துக்குப் போய்விட்டது. மழை இறங்கியதும், யாரும் கேட்காமலே, வேரிலிருந்து துளிர்த்து வந்தது. அதையே தாங்கிய புல், ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழவி உட்கார்ந்தா செத்துப்போகும்?

நான் கேட்பது சொற்பம்தான். தூங்குமூஞ்சி மரத்தடியை, அந்த ஒரு மூலையை மட்டும், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு விடுங்கள். ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி வையுங்கள். ஞாயிறு மாலை அதைக் காலி செய்து கூட்டிப் பெருக்க எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் தயார், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டோம். பத்து மணிக்குப் பூட்டுவதை நிறுத்துங்கள். கழிப்பறைச் சாவி செயலாளர் வீட்டில் இருக்கிறதாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அவசரம் வந்தால் நான்காவது கிராஸ் வரைக்கும் ஓடிச் சாவி வாங்கி வரும் வேகம் எனக்கு இல்லை. நீங்கள் தினமும் நடக்கிறவர்கள், உங்களுக்கு இருக்கலாம். ஊஞ்சல் விஷயத்தை அக்கா மகள் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய நடை என்னுடையதை விடக் காட்டம், முன்னதாகவே சொல்லிவைக்கிறேன்.

மாதாந்தரக் கூட்டம் வரும் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு என்று பலகைக்குக் கீழே ஒட்டியிருந்தது. வருகிறேன். என்னை நிற்க வைத்துப் பேசச் சொன்னாலும் சம்மதம். கூட வரும் அம்மாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது கிராஸ், பூங்காவைப் பார்த்த சமையலறைக்காரி

பின்குறிப்பு: அன்று அவசரத்தில் எழுந்தபோது தூக்கின் மேல்மூடி ஒன்று மரத்தடியில் விட்டுப்போயிற்று. எவர்சில்வர், விளிம்பில் சின்ன நசுங்கல். அம்மாவின் கல்யாணச் சீராக வந்தது, பேரும் 1974 என்று வருடமும் வெட்டியிருக்கும். யாருக்காவது சுற்றி வரும்போது காலில் தட்டுப்பட்டிருந்தால் காவலரிடம் கொடுத்துவையுங்கள்.