அரிசி பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்

அன்புள்ள கண்ணா,

பெர்லினில் குளிர் குறைந்ததா? நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் ஒரு போன் பண்ணு. இரண்டு நிமிஷம் போதும்.

பெசாக் பண்டிகைக்கு அரிசி பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். பாட்டி ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு ஆரம்பிப்பாள், கொச்சியில் நம் யூத வீடுகளில் அப்படித்தானாம். எனக்குக் கண் முன்போல இல்லை. பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து பொறுக்குகிறேன். தலைக்கு மேல் விமானங்கள் போகின்றன. நெவாடிம் விமானப்படைத் தளம் எவ்வளவு பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் ஈரான் ஏவுகணைகள் அங்கே விழுந்த இரவு அப்பா என் கையை விடவே இல்லை. நம் விமானங்கள் கிளம்பும்போது எங்கே போகின்றன என்பதும் எனக்குத் தெரியும். காஸாவில் இருக்கிற அம்மாக்களை நான் நினைப்பதே இல்லை என்று மட்டும் எண்ணிவிடாதே.

சரி, அதை விடு. உன் கட்டுரையை உன் அத்தை மகள் அனுப்பினாள். நீ அனுப்பவில்லை. மூன்று முறை படித்தோம். இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் நீ எழுதிய அந்தச் சொல்லை அப்பா உரக்கச் சொல்லிப் பார்த்தார்: டொய்க்காயிட். இருக்கிற இடமே நம் இடம், அங்கேயே நின்று உரிமை கேள் என்கிறாய். யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று ஹெர்சல் பாசலில் மாநாடு கூட்டிய அதே 1897-இல், இன்றைய லிதுவேனியாவில் இருக்கிற வில்னாவில் புந்த் என்ற யூதத் தொழிலாளர் கட்சி தொடங்கியது, இரண்டு வழிகளும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த வில்னாவின் யூதர்களை நாஜிகள் பொனாரி காட்டுக் குழிகளில் சுட்டுக் கொன்றார்களே, அதை ஏன் ஒரே வரியில் தாண்டிப் போனாய்? இங்கேயே இருப்போம் என்றவர்களுக்கு அங்கே இருக்க இடம் கிடைக்கவில்லை. அது அவர்களின் தப்பு இல்லைதான். ஆனாலும் ஒரு வரி போதாது கண்ணா.

இன்னொன்றும் மனதில் குத்துகிறது. இங்கேயே இருப்பதைப் பற்றிப் படிக்க வில்னா வரை போன நீ கொச்சி வரை போகவில்லை. நம்மை அங்கே யாரும் விரட்டவில்லை. எத்தனையோ நூற்றாண்டுகள் அந்த மண்ணில் இருந்தோம். ஏ.பி. சேலத்தைப் பற்றி உன் தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் தம் மக்களைச் சமமாக உட்கார விடவில்லை என்று சத்தியாகிரகம் செய்த வக்கீல். யூதர்களே யூதர்களைத் தள்ளி வைத்தார்கள், அவர் காந்தியின் வழியில் எதிர்த்தார். அப்புறம், யானைக்கால் நோய் இருக்கிறது என்று சொல்லி இஸ்ரேல் நம்மை உள்ளே விடாமல் இழுத்தடித்தபோது, 1953-இல் இங்கே வந்து நமக்காகப் பேசினார். நம்மையெல்லாம் அனுப்பிவிட்டுத் தாம் கொச்சியிலேயே இருந்து, 1967-இல் அங்கேயே இறந்தார். அவரை உன் புந்த் ஆட்களோடு சேர்ப்பாயா, பாசல் ஆட்களோடு சேர்ப்பாயா? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். போனில் சொல். வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் முன்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "இந்த அரசு என் பாட்டியின் மொழியைப் பிடுங்கிக்கொண்டது. நான் அறிந்த பாட்டி பேசாத பெண்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

பாட்டி பேசாத பெண் இல்லை. 1954-இல் இந்தப் பாலைவனத்தில் வந்து இறங்கியவர்களில் அவள் குரல்தான் பெரிது. கல்யாண வீடுகளில் ஆண்களுக்கு முன்னால் நின்று மலையாளத்தில் பாடுவாள். நான் பேர்ஷேவாவில் படித்தபோது ஒரு நாள் அவள் பள்ளிக்கு வந்தாள், அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. உனக்கு மூன்று வயதானபோது நீ அவளிடம் மலையாளத்தில் தண்ணீர் கேட்டாய். "குழந்தையிடம் ஹீப்ருவில் மட்டும் பேசு" என்று அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அவளுக்கு வந்த ஹீப்ரு கடைக்குப் போய் வரப் போதும், பேரனுக்குக் கதை சொல்லப் போதாது. அதனால்தான் உன்னிடம் பேசாமல் இருந்தாள். அரசு செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் உன் வீட்டில் அதைச் செய்தவள் நான். இதை இத்தனை வருஷமாக அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது நீ இத்திஷ் படிக்கிறாய், யாரோ ஒருவரின் பாட்டி பேசிய மொழியை. பொறாமையாகத்தான் இருக்கிறது. படி, நன்றாகப் படி.

பாட்டியின் பாட்டு நோட்டு அலமாரியில் உன் பழைய போர்வைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு அந்த எழுத்துக்கூடத் தெரியாது. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது, தொலைந்துவிட்டால் வேறு பிரதி இல்லை. யாராவது நேரில் வந்துதான் எடுத்துப் போக வேண்டும்.

தொண்டையில் கரகரப்பு என்றாயே, வெந்நீர் குடி. அந்தக் கம்பளிச் சட்டையைப் போடு.

இதுவரை ஐந்து கிலோ அரிசி பொறுக்கி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் எனக்கும் ஒரு கிலோ போதும்.

அம்மா