சங்கத்தை விட்டு விலக நினைக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நம் பார்வையற்றோர் சங்கத்தின் பொதுக்குழு முடிந்த இரவே நீ எழுதிய விலகல் கடிதத்தின் நகல் எனக்கும் வந்து சேர்ந்தது. கைப்பேசியை அதை வாசிக்கச் செய்து மூன்று முறை கேட்டேன். இரண்டு ஆண்டுக் கால வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும் என்று நீ எழுந்து கேட்டபோதும், அதற்கு விடையாக மேடையிலிருந்து "துரோகி" என்ற சொல் ஒலிபெருக்கி வழியே வந்தபோதும், நான் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் குரலைக் கேட்டவுடன் அடையாளம் காணக்கூடியவர்கள் பலர் அந்த அரங்கில் இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. பலர் முன்னிலையில் காத்த மௌனத்துக்குத் தனிமையில் வருத்தம் தெரிவிப்பது முறையாகாது என்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று நான் பேசாமல் இருந்ததற்கு அச்சம் காரணமல்ல, நன்றிதான் காரணம். தேர்வில் நான் சொல்வதை எழுத ஆள் தர மறுத்த ஒரு கல்லூரியின் முதல்வர் அறை வாசலில், காலை முதல் மாலை வரை என்னுடன் நின்று அனுமதி வாங்கித் தந்தவர் நம் தலைவர். அந்த ஒரு நாளுக்காக இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை. நம் சங்கத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு நாள் இருக்கும். அதனால் உன்னை நோக்கிக் கூச்சலிட்டவர்கள் அனைவரும் கெட்டவர்கள் என்று எண்ணிவிடாதே. ஒருவர் செய்த உதவிக்கு நாம் பட்ட கடனையும், ஓர் அமைப்புக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையையும் பிரித்துப் பார்க்க நாங்கள் பழகவில்லை, குறை அதுதான்.

அமைப்பின் மீது விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் நமக்கு, சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு பலம் கிடையாது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்த 3 சதவீத இடஒதுக்கீட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என்று அடையாளம் காணப்பட்ட பணியிடங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டு அரசு சுருக்கியபோது, உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியது 1970இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு. மொத்தப் பணியிடங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. உன் பணி ஆணைக்குப் பின்னால் அந்தத் தீர்ப்பும், அதற்காகச் சந்தா கட்டி, ஊர்வலம் போன முகமறியா உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

அந்த இந்திய அமைப்பின் பெயரிலேயே அமெரிக்காவிலும் ஓர் அமைப்பு உண்டு. அங்கே 1940 நவம்பரில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடித் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார்கள். பெர்க்லியில் பேராசிரியராக இருந்த, தாமும் பார்வையற்றவரான ஜேகோபஸ் டென்புரோக் அதன் முதல் தலைவர். பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் நிறுவனம் வேறு, பார்வையற்றோர் தாமே நடத்தும் அமைப்பு வேறு என்பதே அவர்களுடைய அடிப்படைக் கருத்து. பார்வையற்றோர் அச்சமின்றிச் சங்கம் அமைக்கவும், தங்களைப் பற்றிய திட்டங்களில் கருத்துச் சொல்லவும் உரிமை கோரும் மசோதா ஒன்றை 1957இல் செனட்டர் ஜான் எஃப். கென்னடி கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

எனக்கு உறுத்துவது, அதே ஆண்டுகளில் அந்த அமைப்புக்குள் நடந்ததுதான். தலைவரிடம் அதிகாரம் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது என்று ஒரு சாராரும், உள்ளிருந்து தாக்குபவர்கள் இயக்கத்தையே அழிக்கிறார்கள் என்று மறு சாராரும் 1957 முதல் நான்கு ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள். மாநிலக் கிளைகள் இடைநீக்கம் செய்யப்பட்டன. வெளியே நிறுவனங்களிடம் பேச்சுரிமை கேட்டவர்கள், உள்ளே ஒருவருக்கொருவர் அதைக் கொடுக்கத் திணறினார்கள். 1961இல் கன்சாஸ் நகர மாநாட்டில் டென்புரோக் பதவி விலகினார். அதே ஆண்டு, அதே நகரில், பிரிந்து சென்றவர்கள் அமெரிக்கப் பார்வையற்றோர் மன்றத்தைத் தொடங்கினார்கள். இரண்டும் இன்றுவரை தனித்தனியாகவே இயங்குகின்றன. எல்லா மதிப்பிலும் ஒரே அளவில் இருக்கும் டாலர் நோட்டுகளைத் தடவி அறிய வழியில்லை என்று மன்றம் 2002இல் வழக்குத் தொடுத்து, 2008இல் மேல்முறையீட்டிலும் வென்றது. கூட்டமைப்போ அந்த வழக்கை ஏற்கவில்லை. இப்படி முரண்பட இருவருக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் ஒரே கூரையின் கீழ் உரக்கப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய எத்தனை கருத்து வேறுபாடுகள் இரண்டு கூடாரங்களாகிவிட்டன என்று நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது.

அந்தக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் ஓர் உறுதிமொழி சொல்வார்கள். பார்வையற்றோரின் சமத்துவம், வாய்ப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான முயற்சியில் ஈடுபடுவேன், கூட்டமைப்பின் கொள்கைகளையும் திட்டங்களையும் ஆதரிப்பேன், அதன் அமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்பது அதன் சாரம். அதில் தலைவர் என்ற சொல்லே இல்லை. நம் கூட்டத்தில் உன்னைத் துரோகி என்றவர் அமைப்பின் விதிகளில் எந்த விதியை நீ மீறினாய் என்று சொல்லவில்லை. தலைவரை அவமதித்தாய் என்றுதான் சொன்னார்.

இன்னொன்றை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பார்வையுள்ளவர்களின் சங்கத்தில் கணக்கைச் சுவரில் ஒட்டினால் போகிறவர் வருகிறவர் படித்துவிடுவார். நமக்கு வந்ததோ, கையால் எழுதிய பேரேட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு பி.டி.எஃப்.; திரையில் உள்ள எழுத்தை ஒலியாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதில் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. யாரையாவது வாசிக்கச் சொல்லலாம். ஆனால் வாசிப்பவர் எதை விட்டுவிட்டார் என்பது நமக்கு எப்படித் தெரியும்? பிரெயில் கேட்டும் எழுத்துக் கோப்புக் கேட்டும் அரசு அலுவலகங்களின் வாசலில் போராடும் நாம், நம் சங்கக் கணக்கையே நாம் படிக்க முடியாத வடிவில் பெற்றுக்கொண்டு கைதட்டி நிறைவேற்றி வந்திருக்கிறோம். இதில் என் கையும் தட்டியிருக்கிறது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவான சங்கம் நம்முடையது. ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் கணக்கு வைப்பது தலைவர் காட்டும் சலுகையன்று. நீ கேட்டது அதைத்தான்.

நீ விலகினால், உன்னைத் துரோகி என்றவர் சொன்னது சரி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்; அதைவிட முக்கியமாக, அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். ஆயினும், அவமானப்பட்ட இடத்தில் பொறுத்துக்கொண்டு உட்கார் என்று உன்னிடம் கேட்கும் தகுதி, அன்று பேசாமலிருந்த எனக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. கணக்கைப் பிரெயிலிலும் எழுத்துக் கோப்பாகவும் முப்பது நாட்களுக்குள் தர வேண்டும், அதை விவாதிக்கச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்று செயலாளருக்குக் கோரிக்கை மனு எழுதி, முதல் கையொப்பத்தை நான் இட்டிருக்கிறேன். தலைவரிடமும் நேரில் சென்று சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை, பிறகு, "நீயுமா?" என்று மட்டும் கேட்டார். "ஆம் ஐயா, உங்கள் மேல் உள்ள மரியாதையோடுதான்" என்றேன்.

மனுவின் இரண்டாவது இடத்தை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். சங்க விதிகளைப் பிரெயிலில் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கையொப்பமிடுவதா, விலகல் கடிதத்தைக் கொடுப்பதா என்பதை அதைப் படித்த பிறகு நீ முடிவு செய்.

அன்புடன்,
உன் அண்ணன்